கழுத்துத் தழும்பை மறைத்துக் கல்யாணம் செய்யலாமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 28 வயது. சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு வயதில் சுடுதண்ணீர் கொட்டி இடது கை, தோள், கழுத்தின் இடது பக்கம், நெஞ்சின் மேல் பகுதி எல்லாம் வெந்துபோனது. அப்போது நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருந்தார். தம்பி பாலுக்கு அழுதான். கலக்கிக் கொடுக்கலாம் என்று நான்தான் கேத்தலைத் தூக்கினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஓடிவந்து கீச்சாப் (சோயா சாஸ்) ஊற்றினார். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தேன். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

இன்றுவரை நீளக்கைச் சட்டை இல்லாமல் நான் வெளியே போனதில்லை. வேலைக்கு பாஜு கூரோங், கோயிலுக்குப் பஞ்சாபி சூட். சேலை கட்டினால் கழுத்து வரை மூடிய ரவிக்கை. இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "தாலி ஏறுற கழுத்துல இப்படி இருக்கே, கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்கிறார் அம்மா. அந்த விபத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். அத்தை இணையத்தில் ஒரு வெளுப்பாக்கும் கிரீம் வாங்கித் தந்தார். இரண்டு வாரமாகப் பூசுகிறேன், எரிகிறது. தோள் ஓரத்தில் தடித்துப்போன இடம் ஒன்று எப்போதும் அரித்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தாத்தாவுக்கு முழங்காலுக்குக் கீழே, வேலையிடத்தில் பட்ட ஒரு நீளமான கத்தி வெட்டுத் தழும்பு. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிக் கதை சொல்வார். எனக்கு மட்டும் ஏன் இது வெட்கமாக இருக்கிறது? "தழும்பை நேசி, அதுதான் உன் அழகு" என்று போனில் வருவதையெல்லாம் படிக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. இதை மறைப்பதா, சொல்வதா, எடுத்துவிட வழி ஏதும் உண்டா?

— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தக் கிரீமை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஒட்டிய தோல் மெல்லியது. அதன் மேல் ஒன்றைப் பூசி எரிந்தால், மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தோல் புண்ணாகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளுப்பாக்கும் கிரீம் என்று இணையத்திலும் பசார் மாலாம் இரவுச் சந்தையிலும் விற்கிறவற்றில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து, விற்பனையை நிறுத்தியிருக்கிறது. பாதரசம் தோலோடு நிற்காது, உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹைட்ரோகுவினோனை மருத்துவர் பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் பூசினால், வெளுப்பதற்குப் பதிலாக நீலம் கலந்த கருமை ஏறி அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிளினிக்கிற்கு எடுத்துப் போக வேண்டும். அத்தையோடு சண்டையும் வேண்டாம். பாசத்தில் வாங்கித் தந்தார், அவருக்கும் இது தெரிந்திருக்காது.

எடுத்துவிட வழி உண்டா என்று கேட்டீர்கள். இவ்வளவு ஆழமாக வெந்த இடத்துத் தழும்பைச் சுவடே இல்லாமல் அழிக்கும் சிகிச்சை எங்கேயும் இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். தோலின் கீழ் அடுக்கு வரை வெந்துவிட்டால், உடம்பு பழையபடி தோலை நெய்துகொண்டிருக்காது. கிருமி உள்ளே வராமல் வாசலை அடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் கொலாஜன் என்ற புரத இழைகளைக் குவித்து மூடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் அந்த இழைகளை மாற்றி அடுக்கிக்கொண்டே இருக்கும். சிவந்து தடித்திருந்தது மெல்ல வெளிறி அமுங்குவது அதனால்தான். எவ்வளவு அடுக்கினாலும் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான் திரும்பும். முடி வேர், வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி இவையெல்லாம் அந்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை.

உங்கள் கையை விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் பாருங்கள். வலை மாதிரி, சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிகிறதா? அப்படித் தெரிந்தால், தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலில் நெடுக ஓட்டை போட்டு, வலையாக விரித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்சத் தோலை வைத்துக்கொண்டு பெரிய இடத்தை மூட வேண்டியிருந்தது. ஏழு வயதுப் பிள்ளை உடம்பில் எடுக்க எவ்வளவு இருக்கும்! அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு அவலட்சணம் தெரியவில்லை. அறுவை செய்தவர்கள் ஒவ்வொரு விரற்கடைத் தோலையும் எவ்வளவு பத்திரமாகச் செலவழித்திருக்கிறார்கள் என்பதுதான் தெரிகிறது.

வியர்வையும் எண்ணெயும் சுரக்காத தோல் காய்ந்துபோகும், அரிக்கும். பேராக் வெயிலில் பாலியஸ்டர் பாஜு கூரோங்கை அதன் மேல் போட்டு நாள் முழுக்க மூடி வைத்தால் அரிப்பு இன்னும் கூடும். பருத்தித் துணிக்கு மாறிப் பாருங்கள். குளித்து முடித்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாசனை சேர்க்காத சாதாரண ஈரப்பதக் கிரீமைத் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் போதும்.

தோள் ஓரத்தில் அரிக்கிற அந்தத் தடிப்பை டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். காயம் பட்ட எல்லைக்குள்ளேயே தடித்திருக்கிறதா, எல்லை தாண்டி நல்ல தோலிலும் ஏறிவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. தாண்டியிருந்தால் அது கெலாய்டு. நம் மாதிரி நிறமுள்ள தோலில், அதிலும் தோள், நெஞ்சு, காது மடல் போன்ற இடங்களில், இது கூடுதலாக வரும். சில குடும்பங்களில் அந்த வாகும் உண்டு. டிரையம்சினொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தடிப்புக்குள்ளேயே ஊசியாகப் போடுவோம். முதலில் அரிப்பு அடங்கும், பிறகு மெல்ல அமுங்கும். வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. சிலிக்கோன் பட்டை ஒட்டுவது புதுத் தழும்புக்கு நல்ல மருந்து. 21 வருடப் பழைய, அமுங்கிவிட்ட இடத்தில் அதற்கு அதிகம் வேலை இல்லை. லேசர் சிகிச்சை மேடுபள்ளத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும், ஆனால் பல தடவை செய்ய வேண்டும், தனியாரில் செலவு கையைக் கடிக்கும்.

தலையைப் பின்னால் சாய்த்து மேலே பாருங்கள். கீழுதட்டை அல்லது தோளைத் தழும்பு இழுக்கிறதா? இழுத்தால் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் அதை விடுவித்துக் கொடுக்கலாம். இன்னொன்று, பழைய தீக்காயத் தழும்பில் என்றைக்காவது புண் வந்து வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் உடனே காட்டிவிடுங்கள். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் பல வருடம் கழித்து அப்படிப்பட்ட புண் புற்றாக மாறுவதுண்டு.

சிகிச்சை கேட்டால் உடம்பை ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஆகிவிடாது. அரிப்பை அடக்குங்கள், இறுக்கத்தைத் தளர்த்துங்கள், அதற்கெல்லாம் யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். ஆனால் எல்லாம் செய்து முடித்த பிறகும் தழும்பு இருக்கும். அதனால் அதோடு எப்படி இருப்பது என்ற கேள்வியைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

பாட்டி ஊற்றிய கீச்சாப்பால்தான் தழும்பு வந்தது என்று நினைக்க வேண்டாம். கொதிநீர் ஆழமாக வேகவைத்ததால் வந்தது. இருந்தாலும் இதைப் படிக்கிற பெற்றோருக்காகச் சொல்லிவிடுகிறேன்: கீச்சாப், பற்பசை, மாவு, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். கொட்டி மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

சரி, இப்போது தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது அந்த இரண்டு மூன்று வரிதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தழும்பில்லாத உடம்பு குறைவு. செம்பனை முள் ஏறிப் பழுத்த விரல், குலை உருண்டு சிராய்த்த கால், ரப்பர் பால் உறையப் போடும் ஆசிட் தெறித்த முன்கை, காண்டா (பால் வாளி தொங்கும் தோள்கம்பு) சுமந்து சுமந்து தடித்துப்போன தோள். சாயங்காலம் லயத்து முன்நடையான அஞ்சடியில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் உடம்பில் அவர்கள் செய்த வேலை முழுவதும் எழுதியிருக்கும். யாரும் அவர்களைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டியதில்லை. "என்னப்பா, எந்த வெளிக்காட்டுல நடந்துச்சு இது?" என்று கேட்டார்கள். கேட்டதும் கதை வந்தது. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவில் வெட்கம் நுழைய இடமே இல்லை.

பாட்டிகளும் அதே காண்டாவைத்தான் சுமந்தார்கள், அதே ஆசிட்டில்தான் கை நனைத்தார்கள். ஆனால் பெண்ணின் தழும்புக்கு நாம் வேறு கணக்கு வைத்திருக்கிறோம். அவள் கல்யாணச் சந்தைக்கு வரும்போது அது சரக்கில் விழுந்த நசுங்கலாகிவிடுகிறது. எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை, எவ்வளவு தெரிகிறது என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. வெந்துபோன பெண்பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் "விரல் மடங்குமா டாக்டர்" என்று கேட்பதற்கு முன்னால் "கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமா" என்று கேட்பதை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

உங்கள் தாத்தா வேலைக்குப் போன இடத்தில் வெட்டுப்பட்டார். நீங்கள் ஏழு வயதில், பெரியவர் யாரும் இல்லாத வீட்டில், அழுகிற தம்பியின் பசியை ஆற்றப் போய் வெந்தீர்கள். இரண்டும் ஒரு குடும்பத்தைத் தாங்கப் போன உடம்பில் விழுந்த அடையாளம்தான். வித்தியாசம் என்னவென்றால், தாத்தாவுக்குக் கதை சொல்ல ஆயிரம் பேர் கிடைத்தார்கள். உங்களுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. 21 வருடமாக அந்தக் கதை உங்கள் வீட்டில் பேசப்படவே இல்லை. சொல்லப்படாத காயம் வெட்கமாக மாறுவது மிகவும் சகஜம். உங்களிடம் ஏதோ கோளாறு இருப்பதால் வந்த வெட்கம் இல்லை இது.

அம்மா ஏன் எழுந்து அடுப்படிக்குப் போகிறார் என்று யோசித்தீர்களா? நான் அவரைப் பார்த்ததில்லை, அதனால் இதை என் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் தோட்டத்துத் தாய்மார்கள் இருட்டோடு எழுந்து, சோறு ஆக்கி வைத்துவிட்டு, காலைப் பெயர்ப்பதிவான பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போனார்கள். ஆயாக்கொட்டகை இருந்த தோட்டத்தில் பிள்ளைகளை அங்கே விட்டார்கள். இல்லாத இடத்தில் மூத்தது இளையதைப் பார்த்துக்கொண்டது. ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. அன்றைக்கு அம்மாவுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு தாய் மனது அப்படிக் கணக்குப் பார்க்காது. உங்கள் கழுத்தை யாராவது உற்றுப் பார்த்தால், "பெத்தவ எங்கே போயிருந்தா?" என்ற கேள்விதான் அம்மாவின் காதில் விழும் என்று நினைக்கிறேன். உங்கள் தழும்பை மூடச் சொல்வதில் மாப்பிள்ளை வீட்டார் பற்றிய பயம் பாதி என்றால், மீதிப் பாதி அம்மாவின் சொந்தக் குற்றவுணர்ச்சி. ரவிக்கையின் கழுத்தை இழுத்து மூடும்போது அவர் தன்னையும் சேர்த்து மூடிக்கொள்கிறார். இது சரியாக இருந்தால், உங்கள் வெட்கத்தில் ஒரு பங்கு உங்களுடையதே இல்லை. அம்மாவுக்காகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

அதனால் மாப்பிள்ளையிடம் பேசுவதற்கு முன்னால் அம்மாவிடம் பேசுங்கள். எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டாம், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். கீரை ஆய்கிறபோதோ, துணி மடிக்கிறபோதோ, கை வேலையாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். "அம்மா, அன்னைக்கு நீங்க வேலைக்குப் போனதுல தப்பே இல்ல. நான் தம்பிக்குப் பால் கலக்கப் போனதுலயும் தப்பு இல்ல. அத நான் இனிமே மறைக்கப் போறதில்ல. யாரும் உங்கள ஒரு வார்த்த சொல்ல விடவும் மாட்டேன்." இந்த மாதிரி, உங்கள் பேச்சில். அழுவார், எழுந்தும் போவார். போகட்டும். நாலு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இரண்டு மாதத்தைப் பற்றிக் கேளுங்கள். யார் கூட இருந்தது, தினமும் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு எப்படி வந்து போனார், கட்டுப் பிரிக்கும்போது நீங்கள் என்ன சொல்லி அழுதீர்கள். உங்களுக்கு மறந்துபோனதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் கதையின் பாதி அவரிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியிடமும் சொல்லுங்கள். அவனுக்கு அன்றைக்கு நடந்தது தெரியாமலேகூட இருக்கலாம். தெரிய வேண்டும்.

வெட்கம் தழும்பு உள்ளவரிடம் மட்டும் இருக்கிற நோய் என்று நான் நம்பவில்லை. அது பார்க்கிறவர்களின் கண்ணிலும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானம் தீப்பிடித்து முகமும் கையும் வெந்துபோன இளைஞர்கள் இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்கு அறுவை செய்தவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, நியூசிலாந்துக்காரர். தோல் ஒட்டுவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நோயாளி உடுப்பைக் கழற்றிவிட்டு அவர்களுடைய விமானப்படைச் சீருடையையே போட்டுக்கொள்ளச் சொன்னார், ஊருக்குள் அனுப்பினார். ஊர்க்காரர்களிடமும் பேசினார்: உற்றுப் பார்க்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யாதீர்கள், வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள் என்று. ஊர் கேட்டது. அந்த இளைஞர்கள் 1941-இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள், போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அது கூடிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்க்காத ஊர் என்று அந்த ஊருக்குப் பேரே வந்துவிட்டது.

நம் ஊர்களாலும் அது முடியும். கோயிலில், கல்யாண மண்டபத்தில், கடைத்தெருவில் ஒரு பெண்ணின் கையில் தழும்பைப் பார்த்தால் "அடடா, என்னாச்சு, பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணலையா" என்று ஆரம்பிக்கிற நம் அத்தைமார்களுக்கும் மாமாமார்களுக்கும் இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். அவள் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள்.

அடுத்தது, போனில் வருகிற அந்த 'தழும்பை நேசி' வாசகங்கள். தங்கை, நீங்கள் அதை நேசிக்க வேண்டியதில்லை. அழகு என்று நினைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. அரிக்கிற, இறுக்குகிற, வெயில் பட்டால் எரிகிற ஒன்றைக் கட்டாயப்படுத்தி நேசிக்கச் சொன்னால், நேசிக்க முடியவில்லையே என்ற இன்னொரு வெட்கம்தான் மேலே ஏறும். பெருமை வேறு. அந்த இடம் எப்படி வந்தது, அதற்காக என்ன தாங்கினேன், யார் யார் என்னைத் தாங்கினார்கள் என்பது தெரிந்து, கேட்டால் தலையைக் குனியாமல் சொல்ல முடிவதுதான் நான் சொல்கிற பெருமை. உங்கள் தாத்தா தன் காலை அழகான கால் என்று நினைத்துக் காட்டியிருக்கமாட்டார்.

வெந்த இடத்தைப் பார்க்காமலே குளித்து, பார்க்காமலே துடைத்து, பார்க்காமலே சட்டையைப் போட்டுக்கொண்டு வருடங்களை ஓட்டுகிறவர்கள் பலர். நீங்களும் அப்படியா என்று உங்களுக்குத்தான் தெரியும். தினமும் நான் சொன்ன ஈரப்பதக் கிரீமையோ எண்ணெயையோ உங்கள் விரலால், நல்ல வெளிச்சத்தில், வட்டமாக அழுத்தித் தேயுங்கள். எங்கே மரத்துப்போயிருக்கிறது, எங்கே உணர்ச்சி இருக்கிறது, எந்த ஓரம் மிருது என்று கவனியுங்கள். தோலுக்கு நல்லது என்பதால் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். தொடவே கூசிய இடம் கை கால் மாதிரி சாதாரணமாகிவிடுகிறது என்பதை அதைச் செய்தவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

கைச்சட்டையை ஒரே நாளில் குட்டையாக்க வேண்டாம். முதலில் வீட்டில், பிறகு நெருங்கிய தோழி வீட்டில், பிறகு தெரிந்த முகம் குறைவாக இருக்கிற வேற்றூர் பசார் மாலாமில். பார்ப்பார்கள்தான். ஒரே இடத்துக்கு நாலைந்து முறை போனால் அதே ஆட்கள் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். பகல் வெயிலில் மட்டும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள், இல்லையென்றால் துணியால் மூடுங்கள். தழும்பின் நிறம் வெயிலில் சீக்கிரம் கறுக்கும்.

உங்களுக்கு இன்னொரு நல்ல இடம் இருக்கிறது, உங்கள் வகுப்பு. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேராகக் கேட்கத்தான் தெரியும். "டீச்சர், கையில என்ன?" என்று கேட்டால் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள். "சின்னப் பிள்ளையா இருந்தப்ப சுடுதண்ணி கொட்டிடுச்சு. டாக்டர் சரி பண்ணிட்டாங்க. இப்ப வலிக்காது. நீங்க அடுப்புப் பக்கம் போகக்கூடாது, சரியா?" அவ்வளவு போதும். தொட்டுப் பார்க்கலாமா என்று ஒன்று கேட்கும், அடுத்தது தன் முட்டியில் விழுந்த கீறலைக் காட்டும், பிறகு எல்லாம் விளையாடப் போய்விடும். பெரியவர்களுக்கும் அதே பதில்தான். மேலே துருவினால் "அது பழைய கதை, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று பேச்சை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. கதை உங்களுடையது, யாருக்கு எவ்வளவு என்பதை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கல்யாணம். அம்மா சொல்வதற்கு இந்த ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு தெரிந்தால், அதற்குப் பெயர் தழும்பு என்று இருக்காது, மறைத்தார்கள் என்று இருக்கும். வெந்தது உங்கள் தப்பில்லை. மறைத்துக் கட்டிவைத்தால் அது உங்கள் மேல் விழும் தப்பாகிவிடும். அதே சமயம், பெண் பார்க்க வந்து பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் சட்டையை மடித்துக் காட்டவும் தேவையில்லை. இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது, மேலே பேசலாம் என்று ஆனதும், நிச்சயத்துக்கும் பதிவுக்கும் முன்னால், அந்தப் பையனிடம் நீங்களே சொல்லுங்கள். தரகர் மூலமாக வேண்டாம், அத்தை மூலமாகவும் வேண்டாம். அவர்கள் வாயில் அது குறையாகத்தான் வெளியே வரும்.

மன்னிப்புக் கேட்கிற குரலிலும் சொல்லாதீர்கள். என்ன நடந்தது, உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது, இப்போது என்ன சிகிச்சை பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அவர் வீட்டில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். தீக்காயத் தழும்பு பிறக்கும் குழந்தைக்கு வராது. கருத்தரிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் தழும்பு நெஞ்சின் மேல் பகுதியோடு நிற்கிறது என்றால் பால் கொடுப்பதற்கும் தடையில்லை. எது வரை என்பதில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைக் கேட்டுவிட்டு அவர் விலகிப்போனால் வலிக்கும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒருவேளை இரண்டு மூன்று இடம் அப்படித் தட்டிப்போகலாம், நம் ஊர் நிலைமை அப்படி. அந்த நாட்களில் தூக்கம் கெட்டு, வேலைக்குப் போகவே பிடிக்காமல், உயிர் வாழ்வதே வேண்டாம் என்றெல்லாம் தோன்றினால் தனியாக இருந்து சமாளிக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. கூப்பிடுங்கள், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

தாலி ஏறும் கழுத்தைப் பற்றி அம்மா கவலைப்படுவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 21 வருடம் ஆன தழும்பு தாலிக்கொடியைத் தாராளமாகத் தாங்கும். புது மஞ்சள் கயிறு முரட்டுத்தனமாக இருந்தால் முதல் சில நாள் உராயலாம், உள்பக்கம் கொஞ்சம் ஈரப்பதக் கிரீம் தடவிக்கொண்டால் போதும். கல்யாணப் போட்டோவுக்காக அன்றைக்கு மட்டும் மேக்கப்பால் மூட ஆசைப்பட்டால் மூடிக்கொள்ளுங்கள், அதில் எந்தத் தோல்வியும் இல்லை. ஆனால் கறுப்பு மருதாணி என்று விற்கிறதை மட்டும் கையில் போடவிடாதீர்கள். அதில் கலக்கும் முடிச்சாய ரசாயனம் நல்ல தோலையே கொப்பளிக்க வைத்துத் தழும்பாக்கிவிடும்.

இந்த வாரமே உங்கள் பக்கத்து அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். 1 ரிங்கிட்தான். தோள் தடிப்பையும், கழுத்து இறுக்கம் இருந்தால் அதையும் காட்டி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அந்தக் கிரீம் டப்பாவையும், பழைய ஆஸ்பத்திரி அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை தோல் ஒட்டினார்கள், அப்போது ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா, காயம் ஆற எவ்வளவு நாள் ஆனது என்றெல்லாம் டாக்டர் கேட்பார். அதற்குப் பதில் தெரிந்தவர் அம்மாதான். கூட வரச் சொல்லுங்கள்.